சாக்லேட் முதலாளி கட்டிய வீடும் எஸ்டேட் லயமும் ஒன்றா?

வாசகர் ஒருவர் கேட்டது:

"இங்கிலாந்தில் பூர்ண்வில், நியூ இயர்ஸ்விக் என்று குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் கட்டிய ஊர்களைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். என் தாத்தா வால்பாறை எஸ்டேட்டில் இருந்தவர். கம்பெனி லயத்தில், அதாவது வரிசை வீட்டில், ஒரு ரூம், ஓர் அடுப்படி. வேலை நின்றதும் வீடும் போய்விட்டது. தேயிலைக்குப் பதில் சாக்லேட் என்பதைத் தவிர வேறென்ன வித்தியாசம்? ஆள் ஓடிப்போகாமல் இருக்க முதலாளி கட்டும் வீட்டுக்கு ஏன் தர்மம் என்று பெயர்?"

பிப்ரவரி 3, இரவு

லயத்தை வைத்துக் கேட்டிருக்கிறீர்கள், லயத்தை வைத்தே பதில் சொல்கிறேன். உங்கள் தாத்தா கதையில் என்னைச் சுட்டது ரூம் சின்னது என்பதல்ல. வேலையோடு சேர்ந்து வீடும் போனதுதான். கூலியும் கூரையும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கைக்கு எதிராக வாய் திறக்க முடியாது. அதனால் எந்த முதலாளி வீடு கட்டியிருந்தாலும் நான் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: வேலையை விட்டால் வீட்டை விட வேண்டுமா?

பூர்ண்வில்லில் வேண்டாம். நான் பர்மிங்ஹாம் வந்து 17 வருடம் ஆகிறது, வாரத்தில் இரண்டு நாளாவது அந்த ஊர் வழியாகப் போகிறேன். ரிச்சர்ட், ஜார்ஜ் கேட்பரி சகோதரர்கள் 1879-ல் நகர நெரிசலை விட்டுத் தொழிற்சாலையை அங்கே மாற்றினார்கள். 1895-லிருந்து ஜார்ஜ் தன் சொந்தப் பணத்தில் பக்கத்து நிலத்தை வாங்கி வீடு கட்டத் தொடங்கினார். கம்பெனி ஆட்களுக்கு மட்டும் என்று வைக்கவில்லை, வெளியே வேலை பார்ப்பவர்களும் ஆரம்பத்திலிருந்தே குடிவந்தார்கள். 1900-ல் 330 ஏக்கரையும் 313 வீடுகளையும் அறக்கட்டளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். வாடகையில் மிஞ்சுவது குடும்பத்துக்கோ கம்பெனிக்கோ போகாது, அடுத்த வீட்டுக்குத்தான் போகும்.

ஊருக்குள் ஒரு பப் கூடக் கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஊரிலிருந்து வந்த என் மாமனார் இதைக் கேட்டுவிட்டு "அப்போ இங்கேயே வீடு பார்த்திருக்கலாமே" என்று அத்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அத்தை மட்டும்தான் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 4, காலை

நேற்று ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். ஜார்ஜ் கேட்பரி முதலில் கட்டிய வீடுகளை 999 வருடக் குத்தகைக்கு விற்றார். சாதாரண ஆட்கள் சொந்த வீட்டுக்காரர்கள் ஆகட்டும் என்பதுதான் நோக்கம். வாங்கியவர்களில் சிலர் கொஞ்ச நாளிலேயே லாபம் வைத்துக் கைமாற்றிவிட்டார்கள். அடுத்து வந்தவர் அதிக விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1900-ல் அறக்கட்டளை வைத்ததற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம்.

என் இரண்டாவது யோசனை இதுதான். வீட்டைக் கொடுப்பது சுலபம். அது பத்து வருடம் கழித்தும் தேவைப்பட்ட ஆளிடமே இருக்கும்படி செய்வதுதான் கஷ்டம். நம்மூரில் அரசு கொடுத்த மனை மூன்று கை மாறி எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பிப்ரவரி 5

குவேக்கர் ஓட்ஸ் இவர்களுடையதா என்று கேட்டவருக்கு: இல்லை, ஓட்ஸ் டப்பாவில் தொப்பி போட்டுச் சிரிக்கும் தாத்தாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. பெயரை மட்டும் எடுத்துக்கொண்ட கம்பெனி அது. குவேக்கர்கள் தங்களை 'நண்பர்கள் சங்கம்' என்றுதான் சொல்லிக்கொள்கிறார்கள்.

"இவர்கள் ஏன் எல்லாரும் வியாபாரிகள்?" என்று இன்னொருவர் கேட்டிருந்தார். அரசு அங்கீகரித்த ஆங்கிலிக்கத் திருச்சபையைச் சேராதவர்கள், சத்தியப்பிரமாணம் செய்ய மாட்டார்கள், பட்டாளத்துக்குப் போக மாட்டார்கள். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கதவு ரொம்ப நாள் சாத்தியே இருந்தது, மத நிபந்தனைகள் பெரும்பாலும் நீங்கியது 1871-ல்தான். மிச்சம் இருந்தது கடையும் ஆலையும். பேரம் பேசாமல் ஒரே விலை சொன்னதால் ஜனங்கள் நம்பி வந்தார்கள்.

பிப்ரவரி 8, ஞாயிறு

யார்க் போய்வந்து மூன்று வருடம் ஆகிறது. அன்று எடுத்த படங்களை இன்றைக்குத் தேடி எடுத்துப் பார்த்தேன், அதனால் இது நீளமாகத்தான் வரும்.

ஜோசப் ரவுண்ட்ரீயும் சாக்லேட் முதலாளிதான். 1850-ல், 14 வயதில், அப்பாவோடு அயர்லாந்து போய்ப் பஞ்சம் என்ன செய்திருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர். அவர் மகன் சீபோம் 1899-ல் யார்க்கில் வீடு வீடாக ஆள் அனுப்பிக் கணக்கெடுத்தார். 11,560 குடும்பங்கள், 46,754 பேர். 1901-ல் முடிவை வெளியிட்டபோது நகரத்து ஜனத்தொகையில் நூற்றுக்கு 28 பேர் வறுமையில் இருந்தது தெரிந்தது. அதில் வயிற்றுப்பாட்டுக்கே வருமானம் போதாமல் இருந்தவர்களில் பெரும்பங்கு சோம்பேறிகளோ குடிகாரர்களோ அல்ல. நாள் பூராவும் உழைத்தும் கூலி போதாதவர்கள், சம்பாதிக்கும் ஆளைப் பறிகொடுத்த வீடுகள், பிள்ளைகள் அதிகமான வீடுகள்.

அடுத்த வருடமே, 1902-ல், யார்க்குக்கு வடக்கே நியூ இயர்ஸ்விக் தொடங்கியது. ரேமண்ட் அன்வினும் பேரி பார்க்கரும் வரைபடம் போட்டார்கள். 1904-ல் ரவுண்ட்ரீ தன் சொத்தில் ஏறக்குறைய பாதியைப் பிரித்து மூன்று அறக்கட்டளைகள் வைத்தார். மற்ற இரண்டையும் சுமார் 35 வருடத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தவர், வீட்டுக்கானதை மட்டும் நிரந்தரமாக வைத்தார். அப்போது எழுதி வைத்த குறிப்பில் ஒரு விஷயம் வருகிறது, அதை நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். யார்க்கில் கஞ்சித்தொட்டி நடத்தப் பணம் கேட்டால் எப்போதும் கிடைத்துவிடும், ஆனால் வறுமை எவ்வளவு, ஏன் வருகிறது என்று விசாரிக்கக் கேட்டால் ஆதரவு இருக்காது என்கிறார். என் பணம் மேலே தெரிவதைத் துடைப்பதற்கு இல்லை, அடியில் இருப்பதைத் தேடுவதற்கு என்று சொல்லிவிட்டுப் போன மனிதர். கஞ்சி ஊற்றுகிறவர்களைக் குறைத்துச் சொல்லவில்லை. பசித்தவனுக்கு இன்றைக்குக் கஞ்சி வேண்டும். ஆனால் நாளைக்கும் அதே வரிசையில் அதே ஆள் ஏன் நிற்கிறார் என்று ஒருவராவது கேட்க வேண்டும் இல்லையா?

ஊரைப் பற்றி. செங்கல் வீடுகள், ஓட்டுக் கூரை, பெரும்பாலான தெருவுக்கு மரத்தின் பெயர். வெயில் எந்தப் பக்கம் விழும் என்று பார்த்துக் கூடத்தை வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுத் தோட்டத்திலும் இரண்டு பழமரம் நட்டுக் கொடுத்தார்களாம். நான் போனது செப்டம்பர். ஒரு வேலிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தேன், உள்ளே ஒரு பெரியம்மா ஏணியில் நின்று ஆப்பிள் பறித்துக்கொண்டிருந்தார். என்ன வேண்டும் என்று கேட்டார், சொன்னேன். இறங்கி வந்து ஒரு ரொட்டிக் கவரில் ஆறு பழம் போட்டுக் கொடுத்தார். "பச்சையாகத் தின்னாதே, வேகவைக்கிற ஜாதி" என்றார். நான் கேட்காமல் ரயிலிலேயே ஒன்றைக் கடித்துவிட்டேன், புளிப்பில் கண் மூடிக்கொண்டது. மிச்சம் ஐந்தையும் மனைவி மாங்காய்ப் பச்சடி மாதிரி வெல்லம் போட்டுச் செய்தாள்.

பிப்ரவரி 9

"அந்த 28 பேரில் எத்தனை பேர் அந்த வீட்டுக்குப் போனார்கள்?" என்று கேட்டவருக்கு: நியாயமான கேள்வி. மிகவும் ஏழையாக இருந்தவர்களுக்கு அந்த வாடகை எட்டவில்லை. பூர்ண்வில்லிலும் இதே கதை. போட்ட முதலுக்குக் கொஞ்சமாவது வரவு வர வேண்டும் என்றுதான் இரண்டு பேருமே வாடகை வைத்தார்கள். அப்போதுதான் மற்றவர்களும் இதைப் பார்த்துக் கட்ட முன்வருவார்கள் என்பது கணக்கு. கணக்கு ஒருபக்கம் சரி, ஆனால் நிரந்தர வேலை இருந்த கைவினைஞர் உள்ளே போனார், தினக்கூலி வெளியே நின்றார். நேற்று நான் எழுதியதைப் படித்தால் எல்லார் கையிலும் ஆப்பிள் கிடைத்த மாதிரி இருக்கிறது. அப்படி இல்லை.

பிப்ரவரி 12, நள்ளிரவு தாண்டி

இதை எழுதாமல் இந்த இழையை விட்டுவிடலாம் என்று இரண்டு நாள் நினைத்தேன். விட மனசு கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பணம் சாக்லேட் பணம். சாக்லேட்டுக்கு கோகோ எங்கிருந்து வந்தது? கேட்பரி வாங்கியதில் கணிசமான பங்கு மேற்கு ஆப்பிரிக்காவின் சாவோ டோமே தீவிலிருந்து. போர்த்துகீசியர் ஆண்ட இடம். அங்கோலாவிலிருந்து ஆட்களைப் பிடித்துவந்து ஒப்பந்தக் கூலி என்று பெயர் போட்டுக்கொண்டார்கள், ஆனால் போனவர் திரும்பியதில்லை. 1901-லேயே ரிச்சர்டின் மகன் வில்லியம் கேட்பரி காதுக்கு இது வந்துவிட்டது. 1905-ல் ஜோசப் பர்ட் என்ற குவேக்கரை விசாரிக்க அனுப்பினார்கள். அங்கிருந்து வாங்குவதை நிறுத்தியது 1909-ல். எட்டு வருடம்! இதற்கிடையில் 1908-ல் இவர்கள் நடந்துகொண்ட விதத்தைப் பாசாங்கு என்று எழுதிய பத்திரிகை மேல் கேட்பரி அவதூறு வழக்குப் போட்டார்கள். பர்மிங்ஹாமில் விசாரணை. ஜெயித்தார்கள், ஆனால் ஜூரி கொடுத்த நஷ்டஈடு ஒரு ஃபார்திங், அதாவது ஒரு பென்னியில் கால். சட்டப்படி நீங்கள் சொல்வது சரி, ஆனால் எங்கள் மனசு ஒப்பவில்லை என்று அந்த ஜூரி சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

வால்பாறை தாத்தா கதையைக் கேட்டவருக்கு இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். லயம் பூர்ண்வில்லில் இல்லை. அது சாவோ டோமேயில் இருந்தது. பர்மிங்ஹாமில் இருந்தவருக்குத் தோட்டம் வைத்த வீடு கொடுத்த அதே காசு அங்கிருந்துதான் வந்தது. ரவுண்ட்ரீ பெயரில் நடக்கும் அறக்கட்டளைகள் தங்கள் பணத்தின் வேரைத் தேடிப் பார்த்து 2021-ல் மன்னிப்பு கேட்டார்கள். அடியில் இருப்பதைத் தேடு என்று எழுதி வைத்தவரின் சொத்தைப் பற்றியே அந்த விசாரணை நடந்தது சரியானது என்றுதான் நினைக்கிறேன்.

பிப்ரவரி 16

"இவ்வளவு தெரிந்தும் ஏன் அவர்களைத் தூக்கிப் பேசுகிறீர்கள்?"

நான் பட்டதைச் சொல்கிறேன். இங்கே வந்த நாலாவது வருடம், மகள் பிறந்து மூன்று மாதம். வீட்டுக்காரர் காரணம் எதுவும் சொல்லாமல் இரண்டு மாத நோட்டீஸ் கொடுத்தார். வாடகை ஒரு நாள் தவறியதில்லை. சட்டம் அப்போது அதற்கு இடம் கொடுத்தது. கைக்குழந்தை என்றதும் ஏழு இடத்தில் கதவு சாத்தினார்கள். எட்டாவது இடம் கிடைத்தது, அட்வான்ஸுக்கு மனைவியின் வளையல் போனது. எனக்கு வேலை இருந்தது, கேட்டால் கொடுக்கச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அதெல்லாம் இல்லாதவர் என்ன செய்வார் என்ற யோசனை அன்றைக்குப் புகுந்தது, இன்னும் போகவில்லை.

அதனால்தான் பிறகு ஒரு சின்ன தொண்டு அமைப்பில் கணக்குப் பார்க்கச் சேர்ந்தேன். அவர்களிடம் இருப்பது ஒரே வீடு, ஐந்து ரூம். 18 வயதாகி அரசுப் பராமரிப்பிலிருந்து வெளியே வரும் பிள்ளைகள் ஒன்றிரண்டு வருடம் தங்கி, காலூன்றிப் போகும் இடம். நான் சேர்ந்த குளிர்காலத்தில் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. நாலாம் நம்பர் ரூமில் ஒரு பையன் கட்டிலை மூலைக்கு இழுத்துப் போட்டுவிட்டு நடுவில் வாளி வைத்திருந்தான். ராத்திரி சொட்டுச் சத்தம் கேட்காமல் இருக்க வாளிக்குள் தன் பழைய துண்டைப் போட்டிருந்தான். அந்தத் துண்டு இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

கூரை மாற்ற 38,000 பவுண்ட் என்றார்கள். கையில் இருந்தது 11,000. வங்கிக்கு நாங்கள் மிகச் சின்ன ஆள். நிறைய அறக்கட்டளைகள் 'திட்டம்' என்றால் பணம் கொடுக்கும், ஓடு மாற்றுவதற்குக் கொடுக்காது. கூரையில் படம் எடுத்துப் போட என்ன இருக்கிறது? கடைசியில் ஒரு குவேக்கர் நிதியிலிருந்து இரண்டு பேர் பார்க்க வந்தார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற கட்டட மேற்பார்வையாளர். அறிக்கையைப் புரட்டுவதற்கு முன்னாலேயே மச்சில் ஏறிச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார், இறங்கி வந்து, இரண்டு உத்தரம் கரையான் மாதிரி ஏதோ தின்றிருக்கிறது, அதையும் சேர்த்துக் கேளுங்கள், இல்லையென்றால் ஐந்து வருடத்தில் மறுபடி வருவீர்கள் என்றார். கேட்டதைவிட அதிகம் கேளுங்கள் என்று பணம் தருகிறவர் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

கிடைத்தது 5,000 மானியம், 25,000 வட்டியில்லாக் கடன், பத்து வருடத் தவணை. அவர்கள் முதலில் கை வைத்ததும் வேறு இரண்டு இடத்திலிருந்தும் பணம் வந்தது. யாராவது ஒருவர் முதலில் நம்ப வேண்டும், அதுதான் விஷயம்.

நண்பர்கள் சங்கம், வட்டியில்லாக் கடன். நம் பாஷையில் இதற்குப் பெயர் கைமாத்து. திரும்ப வரும் என்று நம்பிக் கொடுப்பது, திருப்பிக் கொடுக்கும் மரியாதையை வாங்குகிறவருக்கு விட்டுவைப்பது. தானம் வாங்கினால் தலை குனிகிறது. கைமாத்து வாங்கியவர் நிமிர்ந்து நிற்கலாம்.

பிப்ரவரி 17

நேற்றையதில் திருத்தம்: கரையான் இல்லை. இந்த ஊரில் மரத்தைத் தின்பது ஒரு வண்டுப் புழு.

அந்தக் குவேக்கர் நிதிக்காரர்கள் எப்படி முடிவெடுத்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். கணக்கு சொல்வதற்காக ஒரு தடவை என்னைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். வட்டமாக நாற்காலி. ஆரம்பத்தில் எல்லாரும் பேசாமல் உட்கார்ந்தார்கள், பத்து நிமிடம் இருக்கும். எனக்கு வயிறு கடமுடா என்றது, அந்த அமைதியில் அது மேளம் மாதிரி கேட்டது, பக்கத்து அம்மா பிஸ்கட் தட்டை என் பக்கம் நகர்த்தினார். பிறகு பேசினார்கள். ஒருவர் பேசியதும் அடுத்தவர் உடனே பாயவில்லை. ஓட்டெடுப்பு கிடையாது. எழுத்தர் அங்கேயே முடிவை எழுதி வாசித்துக் காட்டி, சரியா என்று கேட்டார். எல்லாரும் "ஹோப் ஸோ" என்றார்கள். ஆமாம் என்றில்லை, அப்படியே ஆகும் என்று நம்புகிறோம் என்பது அவர்கள் வழக்கம். 25,000 பவுண்ட் அப்படித்தான் முடிவானது.

பிப்ரவரி 20

பிரிட்டனில் குவேக்கர் வீட்டுவசதி அறக்கட்டளை 1967-ல் வந்தது. அது வீடு வைத்துக்கொள்வதில்லை. குவேக்கர்கள் தரும் பணத்தைச் சின்னச் சின்ன அமைப்புகளுக்குக் கடனாகவும் மானியமாகவும் கொடுத்து, யோசனையும் சொல்கிறது. கேட்பரி, ரவுண்ட்ரீ மாதிரி ஒரு பெரிய கை இல்லை, பல சின்னக் கைகள். 12-ஆம் தேதி எழுதியதற்குப் பிறகு எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கிறது.

அமெரிக்காவிலும் ஒரு நல்ல கதை உண்டு. 1931 வாக்கில் நிலக்கரிச் சுரங்கங்கள் மூடிக் கிடந்தபோது அமெரிக்க நண்பர்கள் சேவைக் குழு சுரங்கப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போட்டது. கஞ்சித்தொட்டிதான். ஆனால் சுரங்கத்தில் கம்பெனி வீடு, நம் லயம் மாதிரி, வேலை போனால் அதுவும் ஆட்டம் காணும். எனவே 1937-ல் பென்சில்வேனியாவின் ஃபேயெட் வட்டாரத்தில் 200 ஏக்கர் பண்ணையை வாங்கி, வேலையிழந்த 50 குடும்பங்களைக் குடியேற்றினார்கள். பென் கிராஃப்ட் என்று பெயர். பணம் கடனாக, உழைப்பு அவர்களுடையதாக. அங்கேயே கல் எடுத்து, ஒருவர் வீட்டுக்கு மற்றவர் வந்து கட்டினார்கள், வயலில் நாம் மாத்தாள் போவது போல. கல் வீடு முடியும்வரை குடும்பம் தங்க ஒரு சின்னக் கொட்டகை போட்டார்கள். வீடு முடிந்ததும் கொட்டகை கோழிக்கு! முதல் பலகையிலிருந்து எதுவும் வீணாகாத கணக்கு அது. இதைச் சொன்னபோது என் ஆச்சி நினைவுதான் வந்தது. வீடு கட்டப் போட்ட சாரத்துக் கம்பிலேயே பந்தல் போட்டு அவரைக் கொடி ஏற்றியவர்.

பிப்ரவரி 23

கேரளத்தில் சிக்கன வீடுகள் கட்டிய கட்டடக் கலைஞர் லாரி பேக்கரை ஏன் சொல்லவில்லை என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அவர் நிதி கொடுத்தவர் இல்லை, அதனால்தான். ஆனால் சரி, எங்கள் பர்மிங்ஹாம்காரர் ஆயிற்றே. 1917-ல் இங்கே பிறந்து, குவேக்கராகி, யுத்த காலத்தில் நண்பர்கள் ஆம்புலன்ஸ் அணியோடு சீனா போய், திரும்பும் வழியில் பம்பாயில் காந்தியைப் பார்த்து, 1945-ல் இந்தியாவுக்கே வந்துவிட்டவர். பூந்துறையில் மீனவர்களுக்குக் கட்டிய வீடுகள் 1970-களில்.

திருவனந்தபுரத்தில் அவர் பாணியில் கட்டிய ஒரு நண்பர் வீட்டில் தங்கியிருக்கிறேன். செங்கல்லைப் படுக்கப் போடாமல் குத்தாக நிறுத்தி நடுவில் பொந்து விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டு. கால்வாசிச் செங்கல் மிச்சம், மத்தியானம் சுவரில் கை வைத்தால் சில்லென்று இருக்கும். பூசவில்லை. கொத்தனார் கல் வைத்த கணக்கு அப்படியே தெரிகிறது. சிக்கனமும் ஒரு விதத்தில் நிதிதான் இல்லையா? மூன்று வீட்டுச் செங்கல்லில் நாலு வீடு.

மார்ச் 2

தனிச்செய்தியில் கேட்டவருக்கு, மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று இங்கேயே. இந்த மாதிரி நிதியிடம் போகும் முன் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வீடு அமைப்பின் பெயரில் இருக்கிறதா, குத்தகை என்றால் கடன் தவணையைவிட அதிக வருடம் பாக்கி இருக்கிறதா, ஏற்கெனவே அடமானம் உண்டா. எங்கள் வீட்டின் மேல் இரண்டாவது அடமானமாகத்தான் எழுதினார்கள், அதற்கு முதல் அடமானக்காரர் சம்மதிக்கவே ஐந்து மாதம் ஆனது. வாடகை வரவு, காலி ரூம் எத்தனை வாரம், ரிப்பேர் செலவு, மூன்றையும் மறைக்காமல் காட்டுங்கள். காலி ரூம் இருந்ததை மறைத்தால் அடுத்த கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

யாருக்கு வீடு என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். நாங்கள் முதலில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தோம். மச்சில் ஏறிய அதே பெரியவர் அதை வாசித்துவிட்டு, "அந்த வாளி வைத்த பையனைப் பற்றி எழுதுங்கள்" என்றார்.

அவனைக் கேட்டிருந்தவர்களுக்கு: கூரை வேலை முடிந்து ஏழு மாதம் அங்கே இருந்தான், பஸ் கம்பெனியில் மெக்கானிக் பயிற்சி கிடைத்ததும் தனி ரூம் பார்த்துப் போனான். போகும்போது சாவியோடு வாளியையும் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனான். இப்போது அதில்தான் தோட்டத்துக்குத் தண்ணீர் எடுக்கிறோம். கடனில் இன்னும் மூன்று வருடத் தவணை இருக்கிறது.